செல் நகர்வுக்கு ஆக்டின், செல் பிரிவுக்கு நுண்குழல் என்று பிரித்துக்கொள்வது சரியா?

தேடல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலை விலங்கியல் படித்துக்கொண்டிருக்கிறேன். செல்லுக்குள் இருக்கும் புரத இழைகளின் அமைப்பான செல் சட்டகம் குறித்த பாடத்தில், ஆக்டின் இழைகள் செல்லின் நகர்வுக்கு, நுண்குழல்கள் செல் பிரிவுக்கு, இடைநிலை இழைகள் செல்லின் உறுதிக்கு என்று மூன்று வரிகளில் ஓர் அட்டவணை இருக்கிறது. தேர்வில் எழுதுவதற்கு அது போதுமானதாக இருக்கலாம். ஆனால் சற்று ஆழமாகப் படிக்கத் தொடங்கியதும், அந்த அட்டவணை மூன்று இடங்களில் எனக்குப் பிடிகொடுக்கவில்லை.

முதலாவது, தசையில் மையோசின் என்ற மோட்டார் புரதம் ஆக்டின் இழையைப் பற்றி இழுக்கிறது. அதில் விசை எங்கிருந்து வருகிறது என்பது விளங்குகிறது. ஆனால் தவழ்ந்து செல்லும் செல்லின் முன்விளிம்பில் மையோசினுக்கு அந்த வேலை இல்லை என்றும், ஆக்டின் இழைகள் வளர்வதே சவ்வை முன்னே தள்ளுகிறது என்றும் படித்தேன். ஒரு புரத மூலக்கூறு இன்னொன்றின் மேல் போய் ஒட்டிக்கொள்வது எப்படித் தள்ளுவிசையாக மாறும்?

இரண்டாவது இதைவிடக் குழப்பமானது. செல் பிரிவில் குரோமோசோம்கள் இரு துருவங்களுக்கும் விலகும் கட்டமான அனாஃபேஸில், குரோமோசோமோடு இணைந்திருக்கும் நுண்குழல் குறுகிக்கொண்டே போகிறது. அதனால் குரோமோசோம் துருவத்தை நோக்கி இழுபடுகிறது என்கிறார்கள். கயிற்றைக் கையில் பிடித்திருக்கும்போது, பிடித்த முனையிலேயே அது கரைந்துகொண்டிருந்தால் கயிறு கையை விட்டுப் போக வேண்டும் அல்லவா? குரோமோசோம் ஏன் நழுவிப் போவதில்லை?

மூன்றாவது, குரோமோசோம்கள் பிரிந்த பிறகு செல்லையே இரண்டாக்குவது ஆக்டினும் மையோசினும் சேர்ந்த வளையம் என்று அடுத்த அத்தியாயத்திலேயே வருகிறது. அப்படியானால் “பிரிவுக்கு நுண்குழல்” என்ற வரி எந்த அளவுக்கு உண்மை? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஒளியிழை மறுமொழி:

உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். மற்ற இரண்டையும் அவற்றில் கூடுதலாகப் பழகியவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இழை சவ்வைத் தள்ளுகிறது என்பதைக் காட்டிலும், முன்னே போன சவ்வை இழை பின்வாங்க விடுவதில்லை என்று சொல்வதே உண்மையில் நடப்பதற்கு நெருக்கமானது. செல்லின் அளவில் எதுவும் அசையாமல் இருப்பதில்லை. சவ்வும், அதை முட்டிக்கொண்டிருக்கும் இழையின் நுனியும் வெப்ப அசைவால் இடைவிடாமல் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஓர் ஆக்டின் மூலக்கூறு சேரும்போது இழையின் நீளம் 2.7 நானோமீட்டர் கூடுகிறது. அதிர்வின்போது நுனிக்கும் சவ்வுக்கும் நடுவே அந்த அளவு இடம் ஒரு கணம் திறந்தாலே போதும், அருகில் மிதந்துகொண்டிருக்கும் ஓர் ஆக்டின் மூலக்கூறு அதில் புகுந்து ஒட்டிக்கொள்ளும்; அதன் பிறகு சவ்வுக்குப் பழைய இடம் இல்லை. இதைத்தான் 1993இல் பெஸ்கின், ஓடெல், ஓஸ்டர் ஆகிய மூவரும் ‘பிரௌனியன் ராட்செட்’ என்ற பெயரில் கணித வடிவமாக்கினார்கள்.

எவ்வளவு விசை கிடைக்கும் என்பதை நீங்களே தாளில் போட்டுப் பார்க்கலாம். அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றலின் அலகு ஏறத்தாழ 4.1 பைக்கோநியூட்டன்-நானோமீட்டர். அதை 2.7ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.5 பைக்கோநியூட்டன் வரும். இழையாகாமல் கிடக்கும் ஆக்டினின் செறிவு, இழை வளரத் தேவையான குறைந்தபட்சச் செறிவைவிட எத்தனை மடங்கு அதிகமோ, அந்த எண்ணின் இயல் மடக்கையால் இதைப் பெருக்க வேண்டும். இழையின் வேகமாக வளரும் முனைக்கு அந்தக் குறைந்தபட்சச் செறிவு ஏறத்தாழ 0.1 மைக்ரோமோலார். கையில் 10 மைக்ரோமோலார் இருப்பதாகக் கொண்டால் நூறு மடங்கு. நூறின் இயல் மடக்கை 4.6; ஆக, ஓர் இழை தரக்கூடிய உச்ச விசை ஏறத்தாழ 7 பைக்கோநியூட்டன். ஒற்றை மையோசின் மூலக்கூறின் விசையும் சில பைக்கோநியூட்டன்கள்தான் என்பதால், வளரும் இழை எந்த வகையிலும் மோட்டாருக்குக் குறைந்ததல்ல. முன்விளிம்பில் இத்தகைய இழைகள் நூற்றுக்கணக்கில் அருகருகே நிற்கின்றன.

இங்கே பலர் கவனிக்காமல் விடும் ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆக்டினோடு செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி இணைந்திருப்பதால், ஏடிபி சிதைவதுதான் சவ்வைத் தள்ளும் ஆற்றல் என்று எண்ணிவிடுகிறோம். தள்ளுவதற்கான ஆற்றல், மூலக்கூறு இழையில் சேர்வதிலிருந்தே கிடைத்துவிடுகிறது. ஏடிபி சிதைவது சேர்ந்த பிறகு. அந்தச் சிதைவு இழையின் வயதைக் குறிக்கும் அடையாளமாகிறது. முதிர்ந்த பகுதியைக் கோஃபிலின் என்ற புரதம் கண்டுகொண்டு வெட்டுகிறது. விடுபட்ட மூலக்கூறுகளைப் புரோஃபிலின் மறுபடி ஏடிபி ஏற்றி முன்னுக்கு அனுப்புகிறது. இந்தச் சுழற்சி இல்லாவிட்டால் இழை சிறிது தூரம் தள்ளிவிட்டு, சேர்வதற்கு மூலக்கூறு இல்லாமல் நின்றுவிடும்.

இழைகள் குட்டையாக இருப்பதும் தற்செயல் அல்ல. நீண்ட மெல்லிய இழை சவ்வின் எதிர்ப்பில் வளைந்து மடங்கிவிடும். ஆகவே ஏஆர்பி 2/3 என்ற புரதத் தொகுதி பழைய இழையின் பக்கவாட்டில் ஏறத்தாழ 70 பாகைக் கோணத்தில் புதிய கிளையைத் தொடங்கி வைக்கிறது. மூடிப் புரதங்கள் சிறிது நேரத்தில் அந்தக் கிளையின் வளர்ச்சியை நிறுத்திவிடுகின்றன. குட்டைக் கிளைகள் நெருக்கமாகப் பின்னிய வலைதான் எதிர்ப்பைத் தாங்கும்.

மோட்டார் இல்லாமல் இது நடக்குமா என்ற ஐயத்துக்கு லிஸ்டீரியா பாக்டீரியா விடை தந்தது. அது புகுந்த செல்லின் ஆக்டினைத் தன் பின்புறத்தில் இழைகளாக வளரச் செய்து, ஆக்டின் வாலோடு செல்லுக்குள் ஓடுகிறது. 1999இல் கார்லியேயும் உடன் உழைத்தவர்களும், தூய்மைப்படுத்திய சில புரதங்களை மட்டும் கலந்து, அதில் மையோசின் எதையும் சேர்க்காமலேயே, பாக்டீரியாவை ஓட வைத்துக் காட்டினார்கள்.

ஆனால் முன்விளிம்பு நீள்வது மட்டும் நகர்வு ஆகிவிடாது. வளரும் வலைக்குத் தரையோடு பிடிப்பு இல்லாவிட்டால், சவ்வின் எதிர்ப்பு அந்த வலையையே பின்னோக்கித் தள்ளிவிடும். பல செல்களில் ஆக்டின் வலை இப்படிப் பின்னோக்கி ஓடுவதை நுண்ணோக்கியில் காணலாம். சவ்வை ஊடுருவி நிற்கும் இன்டக்ரின், அதை ஆக்டினோடு பிணைக்கும் டாலின், வின்குலின் முதலிய புரதங்கள் வலையைத் தரையோடு பிணைக்கும்போதுதான் வளர்ச்சி முழுவதும் முன்னேற்றமாக மாறுகிறது. மீனின் செதிலிலிருந்து எடுக்கும் கெரட்டோசைட் செல்லில் இந்தப் பிணைப்பு மிகச் சிறப்பாக அமைந்திருப்பதால், செல் முன்னேறும்போது அதன் ஆக்டின் வலை தரையைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது. முன்னே புதிது சேர, பின்னே பழையது கழல, செல் அதன் மேல் கடந்து போகிறது. நிமிடத்துக்கு 10 மைக்ரோமீட்டருக்கு மேல் ஓடும் அந்தச் செல்லைப் பார்த்தவர்களுக்கு, ஒரு மைக்ரோமீட்டர் போவதற்கே சிரமப்படும் இணைப்புத்திசுச் செல்லான ஃபைப்ரோபிளாஸ்டுக்கு எது குறைவு என்பது உடனே விளங்கும். மையோசினுக்கான இடம் பெரும்பாலும் பின்பகுதியில்: ஒட்டிக்கொண்டிருக்கும் வாலைச் சுருக்கித் தரையிலிருந்து விடுவிப்பது.

கதிர்க்கோல் மறுமொழி:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் கயிற்று உவமையில் ஓர் இடத்தைத் திருத்தினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். குரோமோசோமில் நுண்குழலைப் பற்றும் பகுதியான கைனெட்டோகோர், நுண்குழலின் நுனியைப் பிடிப்பதில்லை. நுனியை ஒட்டிய சுவரைப் பிடிக்கிறது. அதுவும் ஒரே இறுக்கமான பிடியாக இல்லாமல், தனித்தனியே எளிதில் விட்டுப் பிடிக்கக்கூடிய பல பிடிகளாக. என்டிசி80 என்ற நீண்ட கோல் வடிவப் புரதத் தொகுதிகள் பல, ஒரே நுண்குழலின் சுவரில் ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டிருக்கின்றன. நுனி கரையும்போது கடைசியில் இருக்கும் பிடி இடம் இழக்கிறது. மற்றவை பிடித்திருக்கும்போதே அது உள்ளே தள்ளி வேறு இடத்தில் பிடித்துக்கொள்கிறது. எல்லாப் பிடிகளும் ஒரே கணத்தில் விட்டால்தான் குரோமோசோம் நழுவும்.

இனி, விசை எங்கிருந்து வருகிறது என்பது. நுண்குழல் 25 நானோமீட்டர் விட்டமுள்ள உள்ளீடற்ற குழல். பெரும்பாலும் 13 நெடுவரிசைகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து ஆனது. ஒவ்வொரு வரிசையும் ஆல்ஃபா, பீட்டா என்ற இரு டியூபுலின்கள் இணைந்த 8 நானோமீட்டர் நீளமுள்ள அலகுகளால் கட்டப்படுகிறது. சேரும்போது அலகில் குவனோசின் டிரைபாஸ்பேட் இருக்கிறது; சேர்ந்த சிறிது நேரத்தில் அது ஒரு பாஸ்பேட்டை இழந்து டைபாஸ்பேட் ஆகிறது. டைபாஸ்பேட் நிலையில் உள்ள அலகு வளைந்திருக்கவே விரும்பும். ஆனால் பக்கத்து வரிசைகள் அதை நேராக நிற்கும்படி நெருக்கிப் பிடித்திருக்கின்றன. அதாவது கட்டப்பட்ட குழலின் சுவரில் இறுக்கம் சேமிக்கப்பட்டிருக்கிறது. நுனியில் புதிதாகச் சேர்ந்த, இன்னும் டிரைபாஸ்பேட் நிலையிலுள்ள அலகுகள் மூடிபோல் இருக்கும்வரை குழல் வளர்கிறது. அந்த மூடி போய்விட்டால் வரிசைகள் வெளிப்புறமாகச் சுருண்டு பிரிகின்றன, குழல் வேகமாகக் குறுகுகிறது. ஒரே கரைசலில் சில குழல்கள் வளர்ந்துகொண்டிருக்க வேறு சில குறுகிக்கொண்டிருக்கும் இந்த நிலையை 1984இல் மிட்சிசனும் கிர்ஷ்னரும் வெளியிட்டார்கள்.

அப்படிச் சுருளும் வரிசை, சுவரில் தொற்றிக்கொண்டிருக்கும் எதையும் உள்ளே தள்ளும். 2005இல் இந்தச் சுருளும் விசையை, லேசர் ஒளியால் நுண்துகளைப் பிடிக்கும் ஒளியிடுக்கி கொண்டு நேரடியாக அளந்தார்கள். ஈஸ்ட்டில் டாம்1 என்ற புரதத் தொகுதி குழலைச் சுற்றி வளையமாகவே அமையக்கூடியது. சுருளும் வரிசைகள் அந்த வளையத்தைத் துருவத்தை நோக்கித் தள்ளிக்கொண்டு போகும். மனித செல்லில் அந்தத் தொகுதி இல்லை. அங்கே என்டிசி80க்குத் துணையாக ஸ்கா என்ற தொகுதி இருக்கிறது. ஆகவே உங்கள் கேள்விக்கான விடை: கரைவதால் பிடி இழக்கப்படுவதில்லை, கரைவதே இழுக்கிறது. கட்டும்போது செலவிட்ட ஆற்றல் கலையும்போது திரும்ப வருகிறது. 1988இல் கோஷ்லாண்ட், மிட்சிசன், கிர்ஷ்னர் மூவரும் செல்லுக்கு வெளியே, ஏடிபி இல்லாமலேயே, குறுகும் நுண்குழலோடு குரோமோசோம் நகர்வதைக் காட்டியது இதனால்தான் முக்கியமானது.

விசையின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வியப்பானது. புரூஸ் நிக்லாஸ் வெட்டுக்கிளியின் விந்தாக்கச் செல்லுக்குள், கூர்மையான கண்ணாடி ஊசியால், அனாஃபேஸில் ஓடும் ஒரு குரோமோசோமை எதிர்த்திசையில் பிடித்து நிறுத்திப் பார்த்தார். ஊசி எவ்வளவு வளைந்தது என்பதிலிருந்து விசையைக் கணக்கிட்டு 1983இல் வெளியிட்டார்: நிறுத்துவதற்கு ஏறத்தாழ 700 பைக்கோநியூட்டன் தேவைப்பட்டது. அந்த வேகத்தில் குரோமோசோமைச் செல்லின் திரவத்தின் ஊடே நகர்த்த வேண்டிய விசையோ 0.1 பைக்கோநியூட்டன் அளவுதான். தேவையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வலிமையை வைத்துக்கொண்டு, கதிர்க்கோல் என்ற நுண்குழல் அமைப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் என்ற மெதுவான வேகத்தில் குரோமோசோமை நகர்த்துகிறது. வேகத்தைத் தீர்மானிப்பது சுமையல்ல, நுண்குழல் கலையும் வேகம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அதே ஊசியைக் கொண்டு அவர் செய்த இன்னொன்று எனக்கு இன்னும் பிடித்தமானது. இரண்டு கைனெட்டோகோர்களும் ஒரே துருவத்தோடு தவறாக இணைந்திருக்கும் குரோமோசோம் இணை, அப்படியே விட்டால் விரைவில் அந்த இணைப்பை இழந்து வேறு இணைப்பைத் தேடும். ஆனால் ஊசியால் அதை எதிர்த்திசையில் இழுத்துப் பிடித்தால், தவறான அந்த இணைப்பும் நிலைத்து நின்றுவிடுகிறது. செல் சரியான இணைப்பை இழுவிசையைக் கொண்டே அடையாளம் காண்கிறது என்பதை 1969இல் வெளிவந்த இந்தச் சோதனை காட்டியது. இழுவிசை இல்லாத இணைப்புகளை அறுத்துவிடும் வேலையில் அரோரா பி என்ற நொதிக்குப் பெரும்பங்கு உண்டு என்பது பின்னால் தெரியவந்தது.

மோட்டார்களுக்கு வேலையே இல்லை என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். கைனெசின்-5 எதிரெதிர்த் துருவங்களின் நுண்குழல்களுக்கு நடுவே நின்று துருவங்களை விலக்குகிறது; அதைத் தடுத்தால் இரண்டு துருவங்களும் ஒன்றாகவே தங்கி, குரோமோசோம்கள் அவற்றைச் சுற்றி வட்டமாக நின்றுவிடும். டைனீன், தொடக்கத்தில் குரோமோசோமை நுண்குழலின் சுவரோடு விரைவாகக் கொண்டு செல்கிறது. விலங்கு செல்கள் பலவற்றில் நுண்குழல் துருவப் பக்கத்திலும் கழன்றுகொண்டிருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தேடல் மறுமொழி:

இருவருக்கும் மிக்க நன்றி. விசையை மோட்டாரில் மட்டுமே தேடிக்கொண்டிருந்ததால்தான் இரண்டு இடங்களிலும் தடுமாறினேன் என்று இப்போது தெரிகிறது. மூன்றாவது கேள்வி இன்னும் இருக்கிறது. அதோடு இன்னொன்றும்: நுண்குழலைக் கலைக்கும் கொல்கிசினைக் கொடுத்தால், செல் பிரிவு நிற்கும் என்று தெரியும். நகர்வும் நிற்குமா, நிற்காதா? நிற்கும் என்று ஒரு நூலிலும், ஓடிக்கொண்டே இருக்கும் என்று இன்னொன்றிலும் படித்தேன்.

அமீபன் மறுமொழி:

மூன்றாவது கேள்வியில்தான் உங்கள் அட்டவணை முழுமையாக உடைகிறது என்பதால், அதை எழுத எனக்கு வாய்ப்பு கிடைத்ததில் மகிழ்ச்சி.

விலங்கு செல்லில் எங்கே பிளப்பது என்பதை நுண்குழல்கள் தீர்மானிக்கின்றன. பிளக்கும் வேலையை ஆக்டினும் மையோசினும் செய்கின்றன. இடத்தைத் தீர்மானிப்பது குரோமோசோம்கள் அல்ல என்பதை 1961இல் ரே ராப்பபோர்ட் மிக எளிய கருவியால் காட்டினார். கடல் முள்ளெலியின் நெருங்கிய உறவினமான தட்டை உடல் உயிரி ஒன்றின் முட்டையை, நடுவில் ஒரு சிறு கண்ணாடிக் குண்டால் அழுத்தி, துளையுள்ள வளைய வடிவமாக்கினார். முதல் பிரிவில் வளையம் ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்பட்டு, இரண்டு நியூக்ளியஸ்கள் கொண்ட வளைந்த ஒற்றைச் செல்லாக நின்றது. அடுத்த பிரிவில், இரண்டு கதிர்க்கோல்களின் நடுப்பகுதிகளிலும் வெட்டுகள் தோன்றியதோடு, கதிர்க்கோலோ குரோமோசோமோ இல்லாத மூன்றாவது இடத்திலும், அதாவது வெவ்வேறு கதிர்க்கோல்களுக்கு உரிய இரண்டு நட்சத்திர நுண்குழல் தொகுதிகள் எதிரெதிராக நின்ற இடத்திலும், ஒரு வெட்டு தோன்றியது. நுண்குழல்கள் தரும் குறிப்பைச் செல்லின் புறப்பகுதி படிக்கிறது என்பது அதிலிருந்து உறுதியாயிற்று. அந்தக் குறிப்பின் மூலக்கூறு வடிவம் இன்று பெருமளவு தெரியும்: கதிர்க்கோலின் நடுவே கூடும் புரதங்கள் அதற்கு நேரே உள்ள சவ்வில் ரோ ஏ என்ற சிறு புரதத்தை விழிக்கச் செய்கின்றன, ரோ ஏ அங்கே ஆக்டின் இழைகளை வளரவும் மையோசினைச் சுருங்கவும் வைக்கிறது. 1977இல் மபுச்சியும் ஒகுனோவும் மையோசினுக்கு எதிரான எதிர்ப்புரதத்தை நட்சத்திர மீனின் முட்டைக்குள் செலுத்தியபோது, நியூக்ளியஸ் பிரிந்தது, செல் பிளவுபடவில்லை.

இதற்கு மேல்தான் என் பெயருக்குக் காரணமான உயிரி வருகிறது. டிக்டியோஸ்டீலியம் என்ற மண் அமீபாவில், வளையத்தைச் சுருக்கும் மையோசின் 2 இல்லாத வகைகளை 1987இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் உருவாக்கின. திரவத்தில் மிதக்க விட்டபோது அவை எதிர்பார்த்தபடியே பிளக்க முடியாமல், பல நியூக்ளியஸ்கள் நிறைந்த பெரிய செல்களாகிவிட்டன. ஆனால் அதே செல்கள் கண்ணாடித் தரையில் ஒட்டியிருந்தபோது இரண்டாகப் பிரிந்தன. எப்படி என்றால், செல்லின் இரண்டு பாதிகளும் எதிரெதிர்த் திசையில் தவழத் தொடங்கி, நடுவே இருந்த பாலத்தை மெலிய இழுத்து அறுத்தன. அங்கே செல் நகர்வே செல் பிரிவாகிறது. எந்த இழை எந்த வேலைக்கு என்று வரி போட்டுப் பிரிக்கும் முறையின் மேல் எனக்கு நம்பிக்கை போனது இந்தச் சோதனையைப் படித்த பிறகுதான்.

சாதாரணச் செல்களிலும் இரண்டும் நெருக்கமானவை. தரையில் பரந்து தவழும் செல், பிரியும் நேரம் வந்ததும் தரையோடு இருந்த பிடிப்புகளைப் பெரும்பாலும் கலைத்து, சவ்வின் அடியில் உள்ள ஆக்டின் படலத்தை இறுக்கி உருண்டையாகிறது. கதிர்க்கோல் நிமிர்ந்து அமைய அந்த உருண்டை வடிவம் இடம் தருகிறது. செல்லைச் செயற்கையாகத் தட்டையாக அழுத்தி வைத்தால் கதிர்க்கோல் சிதைவதும் குரோமோசோம் பங்கீடு பிழைப்பதும் அதிகரிக்கின்றன. பிளவு முடியும் நேரத்தில் இரண்டு சேய்ச் செல்களும் மறுபடி முன்விளிம்பு விரித்து விலகித் தவழ்கின்றன. கடைசிப் பாலம் அறுபடுவதற்கு அந்த இழுப்பு பல செல்களில் துணைசெய்கிறது.

தாவரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே சுருங்கும் வளையமே கிடையாது. நுண்குழல்களும் ஆக்டினும் சேர்ந்த ஃபிராக்மோபிளாஸ்ட் என்ற அமைப்பின் வழியே நுண்பைகள் நடுவே வந்து கூடி, புதிய சுவர் உள்ளிருந்து வெளியே வளர்கிறது.

ஒளியிழை மறுமொழி:

கொல்கிசின் பற்றிய கேள்விக்கு: நீங்கள் படித்த இரண்டு நூல்களும் சரியாகவே சொல்லியிருக்கக்கூடும். அவை வெவ்வேறு செல்களைப் பேசுகின்றன. 1984இல் ஆய்டனாயரும் ஷ்லிவாவும் வெளியிட்ட ஆய்வில், மீன் கெரட்டோசைட்டின் நுண்குழல்களைக் கலைத்த பிறகும் அது திசை மாறாமல் ஓடியது. அதைவிட வியப்பு, அதன் விளிம்பிலிருந்து பிய்ந்த, நியூக்ளியஸோ நுண்குழலோ இல்லாத துண்டுகளும் தனியே ஓடின. ஃபைப்ரோபிளாஸ்டுக்கு அப்படியல்ல. அதன் நுண்குழல்களைக் கலைத்தால், எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்ற வேறுபாடே மங்கி, சுற்றிலும் விளிம்பு துடித்துக்கொண்டிருக்கும், செல்லோ நின்ற இடத்திலேயே இருக்கும். இதை வாசிலியேவும் உடன் உழைத்தவர்களும் 1970இலேயே விவரித்துவிட்டார்கள். சிறிய, விரைவான செல்லில் ஆக்டின் வலையே முன்பின் வேறுபாட்டைக் காத்துக்கொள்கிறது. பெரிய, மெதுவான செல்லில் அதைக் காக்க நுண்குழல் தேவைப்படுகிறது.

ஆய்வகத்தில் இந்த மருந்துகளைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. நுண்குழலைக் கலைக்கும் மருந்து ஆக்டினைத் தொடாது என்று எண்ணிவிடக் கூடாது. நுண்குழலோடு பிணைந்து உறங்கிக் கிடக்கும் ஜெஃப்-எச்1 என்ற புரதம், குழல் கலைந்ததும் விடுபட்டு ரோ ஏ புரதத்தை விழிக்கச் செய்கிறது. செல் முழுவதும் மையோசின் சுருக்கம் கூடுகிறது. ஆகவே கொல்கிசினுக்குப் பின் நகர்வு நின்றால், நுண்குழல் இல்லாததால் நின்றதா, சுருக்கம் மிகுந்ததால் நின்றதா என்று தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். ஆக்டினைத் தடுக்கும் சைட்டோகலாசினில் சிக்கல் குறைவு: குரோமோசோம்கள் ஒழுங்காகப் பிரியும், செல் பிளக்காது, இரண்டு நியூக்ளியஸ் கொண்ட செல் கிடைக்கும். நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்கிரிஸ்டின் குழல் கட்டப்படுவதைத் தடுக்கிறது. டாக்சால் கட்டிய குழலைக் கலைய விடாமல் உறைய வைக்கிறது. இரண்டும் எதிரெதிர் வழியில் சென்றும் மைட்டாசிஸ் என்ற நியூக்ளியஸ் பிரிவை ஒரே இடத்தில் நிறுத்துவதும், இரண்டுமே புற்றுநோய் மருந்தாவதும், கதிர்க்கோலுக்கு வளர்வது, குறுகுவது இரண்டும் தேவை என்பதால்தான்.

தேடல் மறுமொழி:

மிகத் தெளிவாக இருக்கிறது. கடைசியாக ஒன்று மட்டும் கேட்கிறேன். வளர்வதும் கலைவதுமே விசை தரும் என்றால், மையோசினின் உதவி அறவே இல்லாமல், பின்பகுதியை இழுப்பது உட்பட, முழு நகர்வும் நடக்கும் செல் ஏதேனும் உண்டா?

கதிர்க்கோல் மறுமொழி:

உண்டு. உருளைப்புழுக்களின் விந்துச் செல்லைப் பாருங்கள். அதற்கு வால் கிடையாது; அமீபாபோல் தவழ்ந்துதான் போகிறது. தவழும் பகுதியில் இருப்பது ஆக்டின் வலையும் அல்ல. முதன்மை விந்துப் புரதம் என்று அழைக்கப்படும், ஆக்டினோடு உறவில்லாத வேறொரு சிறு புரதத்தின் இழைகள். அந்தப் புரதம் ஏடிபியைப் பிணைப்பதில்லை. அதன் இழைகளில் இரண்டு முனைகளுக்கும் வேறுபாடு இல்லாததால், ஒரு திசையில் நடக்க வேண்டிய மோட்டாருக்கு அதில் வழியும் இல்லை. ஆயினும் அஸ்காரிஸ் என்ற உருளைப்புழுவின் விந்துச் செல், முன்விளிம்பில் இழைகள் கட்டப்பட, பின்னே செல் உடலை ஒட்டிய இடத்தில் அவை கலைய, ஃபைப்ரோபிளாஸ்டைவிடப் பல மடங்கு வேகமாகவே தவழ்கிறது. பின்பகுதி இழுபடுவதற்கும் கலைவதே காரணமா என்பதை 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு சோதித்தது. செல்லிலிருந்து எடுத்த சாற்றில் நுண்பை ஒன்றின் பின்னால் இழைக்கற்றையை முதலில் வளர வைத்தார்கள். நுண்பை முன்னே தள்ளப்பட்டது. பிறகு கற்றையைக் கலையச் செய்தார்கள். கற்றை குறுகியது, நுண்பை பின்னோக்கி இழுபட்டு வந்தது.